அம்மோனியாவை நைட்ரஜனாக்க: பிளாட்டினமா, தாமிரமா?

கழிவுக்காற்றில் வரும் அம்மோனியாவை நைட்ரஜனும் நீராவியுமாக மாற்ற ஒரு வினையூக்கி தேவைப்பட்டது. பிளாட்டினம், வெள்ளி, தாமிரம் மூன்றையும் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாமிரத்தை எடுத்துக்கொண்டேன்.

விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேகத்தில் பிளாட்டினம்தான் ராஜா: 200, 250 டிகிரி செல்சியஸிலேயே அம்மோனியா அநேகமாகத் தீர்ந்துவிடும். தாமிரத்துக்கு 350 பக்கம் போக வேண்டும். எரிபொருள் செலவு கூடும்.

சரி, தீர்ந்த அம்மோனியா என்னவாயிற்று? பிளாட்டினம் அந்தச் சூட்டில் ஒரு கணிசமான பங்கை நைட்ரஸ் ஆக்சைடாக்கி விடுகிறது. இன்னும் சூடேற்றினால் நைட்ரிக் ஆக்சைடு வரும். நைட்ரிக் அமில ஆலைகளில் பிளாட்டினம்-ரோடியம் வலையைச் சுமார் 900 டிகிரியில் வைப்பதே அதற்காகத்தான். நைட்ரஸ் ஆக்சைடோ, நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு கிலோ அம்மோனியாவில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 260 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது 70 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மூக்கில் ஏறும் நெடி போனதோடு திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது.

தாமிரத்தில், கொஞ்சம் அம்மோனியா முதலில் நைட்ரிக் ஆக்சைடாகி, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மிச்ச அம்மோனியாவோடு சேர்ந்து நைட்ரஜனாகிவிடுகிறது. நைட்ரஜன் பங்கு 90 சதவீதத்தைத் தாண்டும். இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு: காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன் என்பதால், புதிதாக உருவானது அதில் கரைந்துபோகும். ஆய்வகத்தில் காற்றுக்குப் பதில் ஹீலியத்தில் ஆக்சிஜனைக் கலந்து விடுவது இதனால்தான். விற்பனையாளர் ‘99 சதவீத மாற்றம்’ என்று அட்டவணையை நீட்டினால், நைட்ரஸ் ஆக்சைடுக்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளி குறைந்த சூட்டிலேயே நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதிலும் நைட்ரஸ் ஆக்சைடு தொல்லை உண்டு. நீண்ட நாள் ஓட்டிப் பார்க்காததால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

டீசல் லாரி விஷயம் வேறு. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க அதில் அம்மோனியாவைக் கலக்கிறார்கள்; மிஞ்சியதை வெளியே விடாமல் மாற்ற வேண்டும். புகை பல நேரம் 250 டிகிரியைக்கூட எட்டாது; பிளாட்டினம் இல்லாமல் முடியாது. அதனால் கீழே பிளாட்டினம், மேலே தாமிரம் ஏற்றிய சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) என்று இரண்டு அடுக்காகப் பூசுகிறார்கள். கீழே உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு மேலடுக்கைக் கடந்துதான் வெளியேற வேண்டும். போகிற வழியில் அங்கிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து நைட்ரஜனாகிவிடும்.

என் காற்றில் கந்தகம் கிடையாது. சல்பர் டை ஆக்சைடு இருந்தால் தாமிரம் சல்பேட்டாகிச் சோர்ந்துவிடும்; அங்கே என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.