கேசினோ எந்தத் தளத்தில் இருக்கிறது? சொகுசுக் கப்பல்களின் புகை விதிகள், ஓர் ஒப்பீடு

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறவர்கள் கேபின் எவ்வளவு பெரியது என்று பார்ப்பார்கள், எந்தெந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்று பார்ப்பார்கள், நீச்சல் குளம் எத்தனை என்று கேட்பார்கள். புகை விதியைப் படித்துவிட்டு முன்பதிவு செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் தடவை நானும் படிக்கவில்லை. என்னோடு வந்த இரண்டு பேரில் அம்மாவுக்கு ஆஸ்துமா, அண்ணன் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிப்பவர். ஆக இரண்டு கட்சியும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தன. அந்தப் பயணத்திலும் பிறகு போனவற்றிலும் பார்த்ததை வைத்து, கப்பல்கள் இந்த விஷயத்தைக் கையாளும் நான்கு விதங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

பால்கனியில் பிடிக்கலாம் என்ற விதியில் இருந்து தொடங்குகிறேன். ஒரு காலத்தில் பெரும்பாலான கப்பல்களில் இதுதான் நடைமுறை. ஜெர்மன் பயணிகளை நம்பி ஓடும் ஐடா, மைன் ஷிஃப் கப்பல்கள் மற்ற பல நிறுவனங்கள் கைவிட்ட பிறகும் நெடுநாள் இதை வைத்திருந்தன. புகைப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. "காசு கொடுத்து எடுத்த பால்கனி, கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட், இதில் அடுத்தவருக்கு என்ன?" என்று கேட்பார்கள், கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் இரண்டு பால்கனிகளுக்கு நடுவே இருப்பது சுவர் இல்லை, ஒரு தடுப்புப் பலகை, பல கப்பல்களில் அதற்கு மேலேயும் கீழேயும் இடைவெளி இருக்கும். கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டரில் போகிறது என்றால், இலை அசையாத நாளில்கூட முன்னாலிருந்து பின்னால் அந்த வேகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் விடும் புகை அவருக்குப் பின்னால் இருக்கும் பால்கனிகளைத் தடவிக்கொண்டுதான் போகும். கதவைத் திறந்து வைத்திருந்தால் நேராகக் கேபினுக்குள் வந்துவிடும்.

அம்மா முதல் நாள் மாலை பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு இன்ஹேலரைத் தேடினார். அதற்குப் பிறகு அந்தக் கதவை நாங்கள் சரியாகத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் வெளியே நாற்காலியில் காயப் போட்டிருந்த துண்டை எடுத்தேன், நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகி இருந்தது. மேல் தளத்தில் யாரோ கடலுக்குள் சுண்டிவிட்டதாக நினைத்த துண்டு சிகரெட், காற்றில் திரும்பி வந்து விழுந்திருக்கிறது. அண்ணன் ஓட்டை விழுந்த அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் உண்டு, ஸ்டார் பிரின்சஸ் கதை அவருக்குத் தெரியும். 2006 மார்ச் 23 அதிகாலை மூன்று மணி வாக்கில், கிராண்ட் கேமனில் இருந்து ஜமைக்காவின் மாண்டிகோ பே நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் பத்தாவது தளத்துப் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு முடிவுக்கு வந்தது. பால்கனித் தடுப்புகள் பாலிகார்பனேட், தரை ஓடுகளும் நாற்காலிகளும் பிளாஸ்டிக், எல்லாம் எரியக்கூடியவை, போதாததற்குக் கடல் காற்று. சில நிமிஷங்களில் தீ மேல் தளங்களுக்கு ஏறிவிட்டது. கேபின்களுக்குள் தண்ணீர் தெளிக்கும் கருவி இருந்தது, பால்கனியில் இல்லை. ஒரு பயணி இறந்தார், 79 கேபின்கள் பயனற்றுப் போயின, இன்னும் 218 கேபின்கள் தீயாலோ புகையாலோ தண்ணீராலோ சேதமாயின. இதன் பிறகு பால்கனிப் பொருட்களுக்கும் தீத்தடுப்புக்கும் சர்வதேச விதிகள் இறுகி 2008இல் நடைமுறைக்கு வந்தன. பொருட்கள் மாறின என்பதற்காகப் பால்கனியில் பிடிக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது, அணைப்பதும் கப்பலில் இருக்கும் அதே ஊழியர்கள்தான்.

அடுத்தது இதற்கு நேர் எதிர், கப்பல் முழுக்கத் தடை. கார்னிவல் நிறுவனம் 1998இல் பாரடைஸ் என்ற கப்பலை அப்படித்தான் இறக்கியது. ஏறும்போதே பயணி கையெழுத்துப் போட வேண்டும், சிகரெட்டோடு பிடிபட்டால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கி விடப்படுவார், ஊர் திரும்பும் செலவும் அவருடையது. நிஜமாகவே இறக்கியும் விட்டார்கள். அதே சமயத்தில் ரெனைசன்ஸ் என்ற நிறுவனமும் புகையில்லாக் கப்பல்களை ஓட்டியது. அம்மா மாதிரி ஆட்களுக்கு இது சொர்க்கம்தான். ஆனால் 2004இல் பாரடைஸின் தடை விலக்கப்பட்டது. புகைக்காத கூட்டம் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் குறைவாகச் செலவு செய்தது என்று நிறுவனத் தரப்பிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம், பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் ஒரே ஒருவர் புகைத்தாலும் அந்தப் பத்துப் பேரும் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்ததே அதுதான், அண்ணனை விட்டுவிட்டு யாரும் போகப் போவதில்லை.

சரி, இப்போது பரவலாக இருக்கும் விதிக்கு வருகிறேன். கேபினிலும் பால்கனியிலும் தடை, புகைக்கலாம் என்று விட்டிருப்பது திறந்த தளத்தில் ஒதுக்கிய இடம், அப்புறம் கேசினோ என்ற சூதாட்டக் கூடம். செலிப்ரிட்டி நிறுவனம் 2008லேயே பால்கனித் தடையைக் கொண்டுவந்துவிட்டது, பிரின்சஸ் 2012இல், ராயல் கரீபியனும் கார்னிவலும் 2014இல். அபராதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், கார்னிவலில் 500 டாலர். ஒவ்வொரு அறிவிப்பின்போதும் "இனி இந்தக் கப்பலில் கால் வைக்க மாட்டோம்" என்று ஒரு கூட்டமும் "இப்போதுதான் நிம்மதி" என்று ஒரு கூட்டமும் சொன்னது. கப்பல்கள் வழக்கம்போல நிரம்பித்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த மூன்றாவது வகையில் எல்லாப் பிரச்சினையும் கடைசியில் கேசினோவில் வந்து முட்டும். முன்பதிவு செய்யும்போது கேசினோ நமக்கு எதற்கு என்று விட்டுவிடுவோம், நான் சூதாடுவதில்லை, அம்மாவும் ஆடுவதில்லை. ஆனால் பல பெரிய கப்பல்களில் கேசினோ நடு வழியில் இருக்கும், கப்பலின் முன்பக்கம் நாடக அரங்கு, பின்பக்கம் உணவுக்கூடம், இரண்டுக்கும் இடையே கேசினோ, அதற்குக் கதவுகூட இருக்காது. இரவுச் சாப்பாடு முடிந்து நிகழ்ச்சி பார்க்கப் போகிற ஆயிரக்கணக்கான பேர் அந்தப் புகைக்குள் நடந்துதான் போக வேண்டும். அம்மா ஒவ்வொரு இரவும் லிஃப்டில் இரண்டு தளம் மேலே ஏறி, நீளமான நடைக்கூடத்தில் நடந்து, மறுபடி இரண்டு தளம் கீழே இறங்கி அரங்குக்குப் போனார். எழுபதைத் தாண்டியவர். அவருக்கு ஒரு நாளும் சலிப்பு வரவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இந்தப் பாதி புகைப்பவர்களுக்கு, அந்தப் பாதி புகைக்காதவர்களுக்கு" என்று கேசினோவைப் பிரித்து வைத்திருப்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. நடுவில் இருப்பது சின்ன அறிவிப்புப் பலகையோ தரைவிரிப்பின் நிற மாற்றமோதான். அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை, ஒரே அறைக்குள் பிரித்து உட்கார வைப்பதும் காற்றோட்டத்தைக் கூட்டுவதும் முழுப் பாதுகாப்பு தராது. நான் கடந்துபோன ஒரு இரவில் மேசைக்குப் பின்னால் நின்றிருந்த ஊழியப் பெண் ஒருவர், சீட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, எதிரே இருந்தவர் புகை விடும் ஒவ்வொரு முறையும் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தில் புன்னகை மாறவில்லை, கையும் நிற்கவில்லை. பயணி ஏழு நாளில் இறங்கிவிடுவார், ஒப்பந்தம் முடியும்வரை மாதக்கணக்கில் அந்தப் புகைக்குள் நிற்பது அவர்தான். புகை விதி பற்றிப் பயணிகள் போடும் சண்டையில் இவர்கள் பெயர் வருவதே இல்லை, வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

புகைப்பவர்கள் தரப்பில் சொல்வதற்கும் இருக்கிறது. கேசினோவை விட்டால் அவர்களுக்குக் கூரை உள்ள இடம் பல கப்பல்களில் கிடையாது. அண்ணனின் கேபின் ஆறாவது தளத்தில் பின்பக்கம், ஒதுக்கிய இடம் பன்னிரண்டாவது தளத்தில் முன்பக்கம். மழை பெய்த ஒரு இரவில் நான் அவரோடு போனேன். ஏழெட்டுப் பேர் ஒரு படிக்கட்டின் அடியில் ஒண்டிக்கொண்டு, லைட்டரைக் கையால் மூடி மூடிப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். இவ்வளவு சிரமப்படுத்தினால் என்ன ஆகும்? நள்ளிரவில் யாராவது ஒருவர் பால்கனிக்குப் போய்த் திருட்டுத்தனமாகப் பற்றவைப்பார். அங்கே சாம்பல் கிண்ணம் இருக்காது, ஆள் வரும் சத்தம் கேட்டால் அணைக்காமலே கடல் பக்கம் எறிவார். அனுமதித்த பால்கனியைவிட இந்தத் திருட்டுப் பால்கனிதான் தீக்கு வசதியானது. தடை போடுகிற நிறுவனம் கூரையோடு, சாம்பல் கிண்ணத்தோடு, நடக்க முடிகிற தூரத்தில் ஓர் இடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த இடம் குழந்தைகளின் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, கப்பலின் பின்பகுதியில் இருந்தால் புகை யார் மேலும் படாமல் கடலுக்குப் போய்விடும்.

அமலாக்கம் பற்றி ஒரு வார்த்தை. பால்கனித் தடை உள்ள கப்பலில் பக்கத்துப் பால்கனிப் புகையைப் பற்றி வரவேற்பு மேசையில் இரண்டு முறை சொன்னோம், பணிவாகக் குறித்துக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கேபினைச் சுத்தம் செய்யும் பையனிடம் கேட்டேன், அவர் தர்மசங்கடமாகச் சிரித்தார். பயணத்தின் முடிவில் மதிப்பெண் போடப்போகும் பயணியை எப்படிக் கண்டிப்பார்? அபராதம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, புகார் சொன்னால் வந்து பார்ப்பது பாதுகாப்புப் பிரிவா, கேபின் ஊழியரா என்று முன்பே கேட்டு வைப்பது பலன் தரும்.

நான்காவது வகைதான் என் தேர்வு. கேசினோவிலும் புகை கிடையாது, அல்லது கேசினோவே கிடையாது, திறந்த தளத்தில் மட்டும் ஒன்றிரண்டு இடங்கள். செலிப்ரிட்டி கப்பல்களில் கேசினோவில் புகைக்க முடியாது. டிஸ்னி கப்பல்களிலும் வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் கேசினோவே இல்லை. கப்பலுக்குள் எங்கே போனாலும் மூக்கை மூட வேண்டியதில்லை, வெளியே புகைப்பவருக்கும் இடம் இருக்கிறது. இதில் சில கப்பல்களில் கட்டணம் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், எல்லோராலும் முடியாது. மூன்றாவது வகைதான் கைக்கு எட்டும் என்றால் நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் கப்பலின் தள வரைபடத்தைப் பாருங்கள். கேசினோவைக் கடக்காமல் அரங்குக்கும் உணவுக்கூடத்துக்கும் போக வழி இருக்கிறதா, கேசினோவுக்கு நேர் மேலே கேபின் எடுத்துவிட்டோமா, லிஃப்ட் எங்கே திறக்கிறது, இதெல்லாம் அதில் தெரியும். நடுவில் பல தளங்கள் உயரத்துக்குத் திறந்த கூடம் உள்ள கப்பல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், கீழ்த்தளத்துப் புகை அதன் வழியாக மேலே ஏறும்.

சுருட்டுக்கென்று தனி அறை வைத்திருக்கும் கப்பல்கள் உண்டு, குயின் மேரி 2இல் சர்ச்சில்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கதவு மூடியிருக்கும்வரை எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இ-சிகரெட்டுக்குப் பொதுவாகச் சிகரெட்டின் அதே விதிதான், வாசனை வராது என்று கேபினில் பிடித்தால் அதே அபராதம். கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறது என்றால் இ-சிகரெட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது, அங்கே வைத்திருப்பதே குற்றம்.

போன முறை புகையில்லாக் கேசினோ உள்ள கப்பலில் போனோம். ஏறியதும் பெட்டியைக்கூட வைக்காமல் அண்ணன் மேல் தளத்துக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, "கூரை இருக்கு, உட்கார இடம் இருக்கு, சாம்பல் கிண்ணமும் இருக்கு, எனக்குப் போதும்" என்றார். அம்மா அதற்குள் பால்கனிக் கதவை முழுசாகத் திறந்து வைத்து, நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.