நாலு வருஷ ரெக்கார்டரும் அடியில் ஓடும் அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தமும்

போன வாரம்தான் என் ஒலிப்பதிவு ரெக்கார்டரின் மெமரி கார்டு ஸ்லாட்டைச் சரிசெய்து வாங்கி வந்தேன். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "பழசு இப்போ பாதி விலைக்குக் கிடைக்குதே, நானும் இதையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு மைக் குறுக்காக நிற்கும் சின்ன ரெக்கார்டர், இரண்டு பென்சில் செல். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன புதிதில் ராத்திரியில் தூக்கமே இல்லை. ஓடை, மழை, பூச்சிச் சத்தங்களைப் பதிந்து, அவற்றின் மேல் புல்லாங்குழலில் தாலாட்டு ராகமான நீலாம்பரியை மெதுவாக வாசித்து, 40 நிமிஷத் துண்டுகளாகச் செய்து கொடுக்கலாம் என்றுதான் இதை வாங்கினேன்.

வாங்கிய முதல் வாரமே தென்காசி பக்கம் எங்கள் தோட்டத்தில் விடியற்காலை நாலரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஊர் அடங்கிக் கிடந்தது. தூரத்தில் வாய்க்கால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டும். அது மெல்லிய சத்தம், அதனால் கெயினை, அதாவது மைக்கில் விழும் சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் ஹெட்ஃபோனில் வாய்க்காலுக்கு முன்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் வந்து நிற்கிறது. அது ரெக்கார்டருடைய சொந்தச் சத்தம், அதன் மைக்கும் சர்க்யூட்டும் போடுவது. கூட்டத்தில் பேச்சைப் பதிந்தால் தெரியவே தெரியாது. அமைதியைப் பதியப் போனால் அதுதான் முதலில் கேட்கும். நாலு வருஷமாக இது என் உயிரை வாங்குகிறது.

ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலை மட்டும் கழித்துப் பார்த்தேன். இரைச்சல் போனது. ஆனால் இலை அசையும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. 32 பிட் ஃப்ளோட் (சத்தம் அளவு மீறினாலும் சிதையாமல் பதியும் முறை) உள்ளதை வாங்கினால் தீர்ந்துவிடும் என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். திடீரென்று இடி விழுந்தால் பதிவு சிதையாமல் அது காப்பாற்றும். அடியில் ஓடும் இரைச்சலை அது ஒன்றும் செய்யாது. பார்க்க வேண்டியது மைக்கின் சொந்த இரைச்சல் எத்தனை டெசிபல் என்பதை. ரோட் என்டி1 போன்ற ஸ்டுடியோ மைக்கில் அது 5 டெசிபலுக்கும் கீழே. ஆனால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் ரெக்கார்டர் வேண்டும், என்னுடையதில் அந்த வசதி இல்லை.

காற்று மைக்கில் மோதினால் அதுவும் இரைச்சலாகப் பதியும். ரெக்கார்டரோடு வரும் பஞ்சு உறை ஆடிக் காற்றுக்குத் தாங்காது. ரோம உறை தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

மழை வந்தால் கதையே வேறு. மழைச் சத்தம் கீழ்ச் சுருதி முதல் மேல் சுருதி வரை எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும், அதில் இந்த இரைச்சல் கரைந்துவிடும். குற்றாலச் சாரல் வாழையிலையில் விழுவதை ஓட்டுத் தாழ்வாரத்தில் நின்று பதிந்தேன். ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கிறது. பெரிய துளி 'தொப்', பின்னால் பொடித் துளிகள். என்னிடம் உள்ளதிலேயே சிறந்த பதிவு அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு ராத்திரி பதிந்த சுவர்க்கோழியின் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் 4,430 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே கோடாக நிற்கிறது. கணக்குப் போட்டேன். ஒன்றரைக் கட்டை சுருதியின் ஸட்ஜம் ('ஸ' ஸ்வரம்), பல ஸ்தாயி மேலே! தம்புராவை ஒன்றரையில் வைத்து ஓட்டினேன், பூச்சி சுருதியோடு சேர்ந்துகொண்டது. அன்றைக்கு வாசித்த நீலாம்பரி மாதிரி அப்புறம் எனக்கு வரவே இல்லை.

அதைத்தான் அம்மா தினமும் கேட்டார். முதல் தடவை மூன்றாவது நிமிஷத்தில் மயில் அகவி அவரை எழுப்பிவிட்டது, அதை வெட்டி எடுத்தேன். வலியைக் குறைத்தது மாத்திரைதான், இசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி ஓடுவதற்குள் அவர் மூச்சு சீராகிவிடும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து இரைச்சல் குறைவான மைக்காக வாங்குங்கள். பாதி விலை என்றாலும் விடியற்கால அமைதி உங்களுக்குக் கிடைக்காது. நண்பர் என்னுடையதை விலைக்குக் கேட்டார், தரவில்லை. தென்காசியில் சாரல் ஆரம்பித்துவிட்டதாம். ரோம உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் கிளம்புகிறேன்.