கராஜ் சேல் போடுகிறவர்கள் கவனத்துக்கு: திரையில் பச்சை டிக் வந்தால் பணம் வந்ததாக அர்த்தமில்லை

போன சனிக்கிழமை வாசலில் கராஜ் சேல், அதாவது வீட்டில் பயன்படுத்திய பழைய பொருட்களின் விற்பனை, போட்டோம். அம்மாவின் தையல் மெஷின், பையனுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள், பாத்திரம், புத்தகம் என்று மூன்று மேஜை நிறையப் பொருள். தையல் மெஷின் போய்விட்டது, அதற்கான பணம் இன்றுவரை வரவில்லை.

முதல் நாள் மாலையே ஆன்லைனில் படங்களோடு முழு முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு என்று எழுதியிருந்தும் ஏழரைக்கே கேட்டைத் தட்டினார்கள். மேஜைகூட விரிக்கவில்லை. அந்தப் பரபரப்பிலேயே பாதி கவனம் போய்விட்டது. முகவரியை அன்று காலையில் கொடுத்திருந்தால் போதும்.

கூட்டம் சேர்ந்த நேரத்தில் ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் சைக்கிள் செயினைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கூட வந்த ஆண் தையல் மெஷினுக்குப் பேரமே பேசவில்லை. நான் ஒட்டி வைத்திருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பச்சை டிக், என் பெயர், சரியான தொகை. என் போன் உள்ளே சார்ஜில் இருந்தது. பையன் எடுத்து வந்தபோது, பணம் வரவு என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் இருந்தது. முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, மெஷினை வண்டியில் ஏற்ற நானே ஒரு கை பிடித்தேன்.

ராத்திரி கணக்கைப் பார்த்தால் அந்தத் தொகை இல்லை. அந்த எஸ்எம்எஸ் வங்கியிலிருந்து வரவில்லை, யாரோ ஒருவருடைய மொபைல் நம்பரிலிருந்து வந்திருந்தது. பெயரையும் தொகையையும் தட்டினால் பணம் போனது போலவே திரை காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றனவாம். பரிமாற்றமே நடக்காததால் நாங்கள் எதைத் திருப்புவது என்று வங்கியில் கேட்கிறார்கள். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம்.

தயவுசெய்து போனைக் கையிலேயே வைத்திருங்கள். வாங்குபவர் காட்டும் திரையையோ எஸ்எம்எஸ்ஸையோ பார்க்காமல், உங்கள் ஆப்பை நீங்களே திறந்து வரவைப் பாருங்கள். அதுவரை பொருள் மேஜையை விட்டு நகரக்கூடாது. "கொஞ்சம் இருங்க, கணக்கில் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றால் நியாயமானவர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்லாவைப் பார்க்க ஒருவர், பேச ஒருவர் என்று இரண்டு பேராவது வேண்டும். நான் தனியாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

இன்னொன்று. முதல் நாள் ராத்திரி ஒருவர், "நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்றார். வந்தது என் வாட்ஸ்அப்புக்கான பதிவு எண். சொல்லியிருந்தால் என் கணக்கு அவர் கைக்குப் போயிருக்கும். அதே போல, பணம் வாங்குவதற்கு நீங்கள் பின் நம்பர் போடவே வேண்டியதில்லை. போடச் சொன்னால் போவது உங்கள் பணம்.

மெஷினின் பலகையில் வலது ஓரம் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோண வடு இருக்கும். இழுப்பறையில் அம்மாவின் பாபின்கள் அப்படியே இருக்கின்றன. எங்காவது விற்பனைக்கு வந்து கண்ணில் பட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.