மண்டித் தராசு காட்டிக்கொடுத்த எடைக்குறைப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் 22 ஆண்டுகளாக எடை போட்டுப் பிழைப்பவன் நான். 30 கிலோ சிப்பத்தில் அரைக் கிலோ குறைந்தால் தூக்கும்போதே கை சொல்லிவிடும். என்னையே எடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐந்து ரோடு பக்கம் இருக்கும் அந்த எடைக்குறைப்பு நிலையத்தின் படிக்கட்டில் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

'உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை, 90 நாளில் 10 கிலோ' என்பது விளம்பரம். எனக்கு இனித்தது முதல் பாதிதான். 18,000 ரூபாயை மொத்தமாக முதலிலேயே கட்டினேன்.

முதல் நாள் எடை பார்த்தது மதியம், சாப்பிட்ட கையோடு. செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. சட்டைப் பையில் கைப்பேசி, இடுப்பில் கடைச் சாவிக்கொத்து. 88.4 என்று அட்டையில் எழுதினார்கள். அதன் பிறகு வாராவாரம் எடை பார்த்ததெல்லாம் விடியற்காலையில், வெறும் வயிற்றில், மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் உடையை மாட்டி ஒரு மணி நேரம் வியர்க்க வைத்த பிறகு. ஒரு லிட்டர் வியர்வை போனால் ஒரு கிலோ குறையும், ஒரு செம்பு தண்ணீரில் திரும்பி வரும். மண்டிக்காரனுக்கு இது தெரியாதா? ஈர வெல்லம் காய்ந்து எடை குறைவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அட்டையில் எண் இறங்கும்போது அறிவு வேலை செய்யவில்லை.

இடுப்பில் பட்டையை மாட்டி உலுக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு. 20 நிமிடம் சும்மா நின்றால் போதும், திரையில் '900 கலோரி' என்று பச்சையாக ஒளிரும்.

ஆறாவது வாரம் அட்டையில் 84.1. பெல்ட்டோ பழைய துளையிலேயே நின்றது. சந்தேகம் வந்து, முதல் நாள் போலவே சாப்பிட்டுவிட்டு, செருப்பு, சாவி, கைப்பேசி சகிதம் எங்கள் முத்திரை வைத்த தராசில் ஏறினேன். 88.1. மூட்டை தூக்குபவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கும் அண்ணன் மகளிடம் போனேன். "சித்தப்பா, உங்கள் எடைக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலே சுமார் 300 முதல் 400 கலோரிதான் செலவாகும். நின்றுகொண்டே 900 எப்படிப் போகும்?" என்றாள். பிறகு ஒரு நாளில் என்னென்ன வாயில் போகிறது என்று கேட்டாள். சர்க்கரை கலந்த வெல்லத்தை நாக்கில் வைத்தே கண்டுபிடிப்பவன் என்று எனக்கு ஒரு பெருமை. ஏலத்தில் ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போடுவேன். ஒரு நாள் அப்படிக் கிள்ளியதையெல்லாம் ஒரு தாளில் சேர்த்து நிறுக்கச் சொன்னாள். 60 கிராம்! அதுவே 200 கலோரிக்குக் குறையாதாம். இரண்டு கரண்டி சர்க்கரையோடு ஆறு டீ, அதில் சர்க்கரைக்கு மட்டும் 240. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே இறங்கும். இந்த வேகத்தில் 90 நாளில் 10 கிலோ எங்கே வரும்? நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது, அதை விடாதீர்கள், ஆனால் எடைக்குத் தட்டிலும் டம்ளரிலும்தான் கை வைக்க வேண்டும் என்றாள். இப்போது துணுக்கை ருசி பார்த்ததும் துப்பிவிடுகிறேன். டீ மூன்று, சர்க்கரை இல்லாமல். சோறு ஒரு கரண்டி குறைவு. மண்டித் தராசில் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்கள் உணவைக் கட்டுப்படுத்தவில்லை சார்" என்றார்கள். விளம்பரத்தையே நீட்டிக் காட்டினேன். ரசீதின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார்கள். 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது', எறும்பு அளவு எழுத்தில். அப்படி அச்சடித்துவிட்டால் வழக்கே கிடையாது என்று நினைத்து நானும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அப்படியில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ரசீது, எடை அட்டை, விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நான் 1915-க்குப் பேசிய சில நாட்களில் அந்த எடைக்குறைப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பணத்துக்குப் பதில் இன்னும் மூன்று மாதம் இலவசமாக வரலாமாம். உங்கள் தராசை மண்டிக்குக் கொண்டு வாருங்கள், ஒரு சிப்பம் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். இன்னும் வரவில்லை.