பழைய வீடும் கொஞ்சம் நிலமும்: காரைக்குடிப் பக்கமா, கும்பகோணம் பக்கமா?

பாட்டன் காலத்து வீடு, கூடவே பத்துப் பன்னிரண்டு ஏக்கர். வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து, அவர்கள் இலைக்கு வேண்டியதை நம் நிலத்திலேயே விளைவிக்கலாம் என்ற ஆசை இப்போது பலருக்கு. ஆனால் செட்டிநாட்டில் இதைச் செய்வது வேறு, காவிரிப் பாசனத்தில் செய்வது வேறு. அங்கே வீடு சீமான், நிலம் ஏழை. இங்கே நேர்மாறு.

செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் பார்க்கவே ஆள் வரும். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இந்த ஊர்கள் இருக்கின்றன. கானாடுகாத்தான் விசாலம், கொத்தமங்கலம் சாரதா விலாஸ் எல்லாம் வீட்டின் அழகை நம்பி நடக்கிற விடுதிகள்தான்.

தலைவலி பங்காளிகளிடம் ஆரம்பிக்கும். வீட்டுக்குப் பத்துப் புள்ளி, அதாவது பங்குள்ள பத்துக் குடும்பம் என்றால் பத்துக் கையெழுத்து. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் அந்த வாரம் வீடு அவர்களுக்கு. முன்பணம் கட்டிய விருந்தினருக்கு என்ன பதில் சொல்வது? அப்புறம் குளியலறை. அறைக்கு ஒன்று இல்லாமல் இன்று யாரும் தங்கமாட்டார்கள். சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து குழாய் ஓட்டி, மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சு பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்காக ஆறு மாதம் காத்திருப்பதே மலிவு.

கும்பகோணத்து ஓட்டு வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம். மிஞ்சிப்போனால் நாலு அறை தேறும். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் ஓடு மாற்றணும். குரங்குக் கூட்டம் வந்துபோனால் நடுவில் இன்னொரு தடவை. சரி, அவ்வளவுதான் செலவு. கையெழுத்தும் பெரும்பாலும் அண்ணன் தம்பிக்குள் முடிந்துவிடும்.

நிலத்துக்கு வந்தால் டெல்டாவை அடித்துக்கொள்ள முடியாது. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா. அறுப்புக்குச் சில நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலேயே அது வந்துவிடும். விருந்தினர் அதிகம் வருகிற டிசம்பர், ஜனவரியில்தான் வயல் பச்சையிலிருந்து பொன்னுக்கு மாறுகிறது. மாப்பிள்ளைச் சம்பா போட்டால் ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருக்கணும், காற்று மழையில் சாயும். ஆனால் அதை மூட்டையாக விற்பதைவிட இலையில் சோறாகப் போட்டால் கிடைப்பது பல மடங்கு. நெல் மட்டுமே என்றால் இலைக்கு வேண்டியது எல்லாம் கிடைக்காது. கொல்லையில் வாழை, குட்டையில் மீன், இரண்டு மாடு, சாண எரிவாயு, குளியலறைத் தண்ணீர் வாழைக்கு என்று சுற்றிவர வேண்டும். தண்ணீர் வராத வருஷம் போர்வெல்தான் கதி.

செட்டிநாட்டுச் செம்மண்ணில் கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் இல்லை. அங்கே நெல்லைத் துரத்தாமல் ஆடு, நாட்டுக்கோழி, கடலை, மா என்று போவதே புத்திசாலித்தனம். செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே கறியும் கோழியும்தானே!

விருந்தினரும் வேறு வேறு. கும்பகோணத்துக்கு நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர் இரவு பத்து மணிக்கு வந்து விடியற்காலை நாலுக்குக் கிளம்பிவிடுவார். உங்கள் வாழைத் தோட்டம் இருட்டில் இருக்கும். தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம், சுவாமிமலைச் சிற்பிகள் என்று நிதானமாகப் பார்க்கிற, மூன்று இரவு தங்குகிற ஆளைத்தான் தேடணும்.

இத்தாலியில் பண்ணை விடுதிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2006ல் வந்த அந்தச் சட்டப்படி விவசாயம்தான் முதன்மை, விருந்தினர் தொழில் அதற்குத் துணை. அந்த அளவுகோலில் டெல்டா வீடு தேறும். செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் தேறாது.

என் பணம் என்றால் டெல்டாவில் நாலு அறையோடு நிறுத்திக்கொள்வேன். ஆள் வராத வருஷமும் நெல் இருக்கும். செட்டிநாட்டு வீடு ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள் விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. ஆட்டையும் கோழியையும் ஒழுங்காக வளர்த்து, அரிசியைக் கும்பகோணம் பக்கமிருந்து மூட்டையாக வாங்கிக்கொள்ளலாம். 'எங்கள் வயல் அரிசி' என்று பலகை மட்டும் மாட்ட வேண்டாம்.