30 வெள்ளி சென்சாரா, கையில் இருக்கும் போனா? சக்கர நாற்காலித் தள்ளலை அளந்து பார்த்தேன்

வலது தோள் வலிக்க ஆரம்பித்த பிறகுதான், நான் சக்கரத்தை எத்தனை முறை, எப்படித் தள்ளுகிறேன் என்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. ஆய்வுக்கூடங்களில் ஸ்மார்ட்வீல் போன்ற கருவிகள் கைவளையத்தில் (சக்கரத்தை ஒட்டி, கையால் பிடித்துத் தள்ளும் வளையம்) விழும் விசையையே அளக்கும். ஆனால் விலை ஆயிரக்கணக்கில். அதனால் மலிவாகக் கிடைத்த மூன்றை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் 20 மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, தம்பியின் உதவியோடு இரண்டு வாரம் சோதித்தேன்.

முதலில் சைக்கிள் வேக சென்சார், 30 வெள்ளி. சக்கரத்தோடு சுழலும் நடுக்குடத்தில் ரப்பர் பட்டையால் மாட்டினால் போதும், தூரத்தைச் சரியாகவே சொல்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், செயலியில் முன்பே இருக்கும் சக்கரச் சுற்றளவு சைக்கிளுக்கானது, சுமார் 2.1 மீட்டர். என் சக்கரம் 1.9 தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே டயரில் ஒரு குறி வைத்து, ஒரு சுற்று உருட்டி அளந்து அதை மாற்றுங்கள். ஆனால் எனக்கு வேண்டியது இதில் இல்லை. சென்சார் முழுச் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, ஒரு சுற்று முடிவதற்குள் நான் ஒன்றுக்கு மேல் தள்ளிவிடுகிறேன், அதனால் ஒவ்வொரு தள்ளும் தனியாகத் தெரிவதே இல்லை.

அடுத்தது காசே செலவில்லாதது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி போனின் சுழல்வேக உணரியை அப்படியே பதிவு செய்யும். பழைய போன் ஒன்றைச் சக்கரத்தின் நடுவில், ஆரக்கம்பிகளோடு சேர்த்து வெல்குரோவால் கட்டினேன் (சக்கரத்தைக் கழற்றும் பொத்தானை மறைக்காமல் கட்டுங்கள்). சுழல்வேகத்தைச் சக்கர ஆரத்தால் பெருக்கினால் வேகம். தம்பி தன் போனின் பிரவுசரிலேயே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு மேடு, கையை எடுத்ததும் ஒரு சரிவு, அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது! 20 மீட்டருக்கு 17 மேடுகள், எல்லாம் குட்டையாக, நெருக்கமாக. முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் தோளைக் காக்க 2005-ல் அமெரிக்காவில் வந்த மருத்துவ வழிகாட்டி நீளமாக, மென்மையாக, குறைந்த தடவை தள்ளச் சொல்கிறது. நான் செய்துகொண்டிருந்தது நேர் எதிர். குறை என்றால், கை எவ்வளவு விசை கொடுக்கிறது என்பது போனுக்குத் தெரியாது.

கையின் விசை தெரியாவிட்டாலும், நாற்காலியை உருட்டிக்கொண்டே போக எவ்வளவு இழுக்க வேண்டும் என்றாவது பார்க்கத்தான் மூன்றாவது, பெட்டி எடை பார்க்கும் 12 வெள்ளி டிஜிட்டல் தராசு. நான் கையைச் சக்கரத்தில் வைக்காமல் உட்கார்ந்திருக்க, தம்பி தராசை முன்சட்டத்தில் மாட்டி மெதுவாக, ஒரே சீராக இழுத்தான். 1.4 கிலோ காட்டியது. டயருக்குக் காற்றடித்த பிறகு 0.9! எண் தானாக நின்றுவிடும் வகை இதற்கு உதவாது, ஓடிக்கொண்டே இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

காற்றடித்த கையோடு மறுபடி போனைக் கட்டி ஓடினேன். அதே 20 மீட்டர், 14 தள்ளு. இப்போது மாதம் ஒருமுறை தராசும் போனும் கீழே வருகின்றன. சைக்கிள் சென்சாரைத் தம்பி தன் சைக்கிளுக்கே மாட்டிக்கொண்டான்.