கையால் தைத்த பஞ்சுப் போர்வை: வாங்கலாமா?

"பழைய முறை" என்று போட்டிருந்ததால்தான் இந்த குவில்ட்டை வாங்கினேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஓட்டுத்தையல் பிடித்து நிறுத்துகிறது. தையல் வரிசைகள் இரண்டு விரல் இடைவெளியில் நெருக்கமாக ஓடுவதால், துவைத்த பிறகும் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரளவில்லை. சரி, வேலைப்பாட்டுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் மேல்துணியில் உள்ள துண்டுகள் எல்லாம் புதுத்துணி. அழகுக்காகவே வெட்டி இணைத்திருக்கிறார்கள். கணப்பு இல்லாத படுக்கையறைகளில் அந்தக் காலத்தில் குளிருக்கு இந்த மாதிரிப் போர்வைதான் கதி. கிழிந்த சட்டையில் தேறிய துண்டுகூட மேலே ஏறும். போர்வையே நைந்துபோனால் அடுத்த போர்வைக்குள் திணிப்பாகப் போகும், இல்லையென்றால் கதவிடுக்கில் காற்றை அடைக்கும். இதை அப்படிப் புழங்க யாருக்கு மனசு வரும்? ஓரப்பட்டி வேறு வெள்ளை! முதலில் தேய்வதும் அழுக்காவதும் ஓரம்தான். அடர்நிறப் பட்டி கிடைத்தால் அதை எடுங்கள்.